முப்பத்தாறு மணி நேரமும் நான்கு வாரமும்

சென்ட்ரலில் இருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் ஆவடி தாண்டியதும் ‘இந்து கல்லூரி’ என்றே ஒரு நிலையம் வரும். பட்டாபிராமில் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் கலை அறிவியல் கல்லூரியால் வந்த பெயர். இன்று அம்பத்தூரில் தொடங்கி ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி, தண்டலம் என்று வளைந்து போகும் இந்த மேற்குப் பட்டையில் கல்லூரிகளை எண்ணி முடிப்பது கடினம். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கலைக் கல்லூரிகள், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் கல்லூரிகள், தன்னாட்சி பெற்றவை, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கின்றன.

இந்தக் கல்லூரிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்துக்கு மேல் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே கேள்வி. ‘ஹானர்ஸ்’ என்ற பட்டம் நம்மிடம் திரும்பி வந்திருப்பதால் இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, வழக்கமான பாடங்களுக்கு மேல் அதே துறையில் 18 கிரெடிட் கூடுதலாகப் படித்து, எல்லாத் தாள்களையும் முதல் முயற்சியிலேயே தேறி, சி.ஜி.பி.ஏ. 7.5-க்குக் குறையாமல் வைத்திருப்பவர் பி.இ. ஹானர்ஸ் பட்டம் பெறலாம். அதாவது இன்னும் ஆறு தாள்கள், இன்னும் ஆறு தேர்வுகள். ஆர்வமுள்ள பிள்ளைக்கு நாம் தரும் பரிசு மேலும் சில தேர்வுகள்தான் என்றால் அது போதாது. அந்தப் போதாமையை நிரப்பத்தான் நிகழ்ச்சிகள் வருகின்றன. அவற்றில் இரண்டு வகைகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, இந்தப் பட்டையின் பொறியியல் கல்லூரிகளில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். மற்றொன்று, இங்கே மிகச் சிலருக்கே தெரிந்த எம்.டி.டி.எஸ். என்னும் கணிதப் பயிற்சி முகாம்.

ஹேக்கத்தானை எடுத்துக்கொள்வோம். மத்தியக் கல்வி அமைச்சும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து 2017 முதல் நடத்தும் போட்டி இது. அமைச்சகங்களும் நிறுவனங்களும் தங்களுக்குத் தீர்வு வேண்டிய சிக்கல்களைப் பட்டியலாக வெளியிடும். ஒரே கல்லூரியைச் சேர்ந்த ஆறு பேர் ஓர் அணி. அதில் ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். முதலில் கல்லூரிக்குள் ஒரு போட்டி. அதில் தேறிய அணிகள் தங்கள் யோசனையை அனுப்புகின்றன. தேர்வானவர்கள் நாட்டின் வெவ்வேறு மையங்களுக்குப் போய், மென்பொருள் பிரிவு என்றால் தொடர்ந்து 36 மணி நேரம் உட்கார்ந்து, யோசனையை ஓடும் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இடையிடையே வழிகாட்டிகள் வந்து கேள்வி கேட்பார்கள், நடுவர்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். வென்ற அணிக்குப் பரிசுப் பணம் உண்டு. வன்பொருள் பிரிவுக்கு நாட்கள் கூடுதல்.

இதை வெறும் கூத்து என்று ஒதுக்கும் பேராசிரியர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திருமுல்லைவாயலிலோ பட்டாபிராமிலோ இருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவருக்கு, முன்பின் தெரியாத அதிகாரி ஒருவர் முன்னால் நின்று ‘நாங்கள் செய்தது இது, இன்னும் செய்யாதது இது’ என்று ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கும் துணிச்சல் வருவது சிறிய விஷயமல்ல. அந்தத் துணிச்சலை எந்த 18 கிரெடிட்டும் தருவதில்லை. ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்ற விதியால், வெளியூர் போய் இரவு தங்க வீட்டில் சம்மதம் வாங்கும் பேச்சு பல குடும்பங்களில் முதல்முறையாக நடக்கிறது. அந்தச் சம்மதம் ஒருமுறை கிடைத்துவிட்டால், அடுத்து நேர்காணலுக்கு பெங்களூரு போவதற்கும் மேற்படிப்புக்கு வெளியூர் போவதற்கும் வழி கொஞ்சம் திறந்துவிடுகிறது. ஒரு ஹேக்கத்தானின் உண்மையான விளைவு சில நேரங்களில் இதுவாகவே இருக்கும்.

ஆனால் அந்த 36 மணி நேரம் எப்படிக் கழிகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். சிக்கலை வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தீர்வு எந்த வடிவில் வர வேண்டும் என்பதும் ஏறத்தாழ முடிவாகியிருக்கிறது. கடிகாரம் ஓடுகிறது. அந்த நேரத்தில் ஒரு மாணவருக்கு ‘இந்த அல்காரிதம் ஏன் வேலை செய்கிறது’ என்ற சந்தேகம் வந்தால் அது அணிக்கு இடைஞ்சல். வேலை செய்கிறதா, அடுத்ததைப் பார் என்பதே அங்கே சரியான நடத்தை. தெரிந்ததை வேகமாகப் பூட்டிச் சேர்க்கத் தெரிந்தவர் ஜொலிக்கிறார். தெரியாததன் முன்னால் நின்று தயங்குகிறவர், உண்மையில் நல்ல மாணவராக இருந்தாலும், காபி வாங்கிவரவும் பவர்பாயின்ட் தயாரிக்கவும் ஒதுக்கப்படுகிறார்.

இப்போது மற்றொன்று. எம்.டி.டி.எஸ். 1993-ல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கியது. தேசிய உயர் கணித வாரியம் நிதி தந்தது. கோடை விடுமுறையில் நான்கு வாரம், நாட்டின் சில மையங்களில், இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஒரு படி, அதற்கு அடுத்தவர்களுக்கு மேலும் இரண்டு படிகள் என்று நடக்கும். தேர்வானவருக்குத் தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம் போன்று கல்லூரியில் ஏற்கெனவே ‘முடித்த’ பாடங்கள்தான் அங்கேயும். வித்தியாசம் வகுப்பு நடக்கும் முறையில் இருக்கிறது. ஆசிரியர் தேற்றத்தை எழுதி நிரூபணத்தை ஒப்பிப்பதில்லை. உதாரணங்களைக் கேட்பார். ஒன்று பொருந்தி வந்தால், பொருந்தாத ஒன்றைக் கேட்பார். தேற்றத்தின் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் எங்கே உடையும் என்று கேட்பார். பதில் வராவிட்டால் காத்திருப்பார். மாணவர் பலகைக்கு வந்து தான் நினைப்பதை எழுத வேண்டும். தவறானால் அங்கேயே நின்று அதைச் சரிசெய்ய வேண்டும். இங்கே போட்டி கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது.

கல்லூரியில் 95 வாங்கிய பிள்ளை இந்த முகாமின் முதல் வாரத்தில் திணறுவது இயல்பு. ‘தொடர்ச்சியான சார்பு என்றால் என்ன’ என்ற கேள்விக்கு வரையறையை மூச்சுவிடாமல் சொல்ல முடியும். ‘தொடர்ச்சியற்ற ஒன்றைக் காட்டு, ஏன் அப்படி என்று அந்த வரையறையை வைத்தே சொல்’ என்றால் கை நின்றுவிடும். அந்த நிற்றலுக்கு நான்கு வார அவகாசம் இருப்பதுதான் இந்த முகாமின் பலம். முதல் வாரத்தின் வெட்கம் இரண்டாம் வாரத்தில் கேள்வியாக மாறுகிறது. மூன்றாம் வாரத்தில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி வராந்தாவில் மாணவர்களுக்குள் சண்டையாக மாறுகிறது. ஒரு நாள் நிகழ்ச்சியில் வெட்கம் வெட்கமாகவே முடிந்துபோகும்.

இதற்கும் குறைகள் உண்டு. ஹேக்கத்தானுக்கு அணியாகப் போகலாம், முகாமுக்குத் தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அந்த ஆசிரியருக்கு இப்படி ஒரு முகாம் இருப்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு இரட்டைச் சுமை. இவை எல்லாவற்றையும்விடப் பெரியது விடுமுறைக் கணக்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஷிப்டுக்கோ கடைக்கோ போய் அடுத்த பருவக் கட்டணத்தைச் சேர்க்கும் பிள்ளைக்கு, சாப்பாடு இலவசம் என்றாலும் நான்கு வாரம் இலவசமல்ல. முகாமைப் புகழும்போது இதை மறந்துவிட்டால் நாம் வசதியுள்ளவர்களைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருப்போம்.

இரண்டையும் ஒப்பிடுகையில் பலர் ‘ஒன்று தொழிலுக்கு, மற்றது ஆராய்ச்சிக்கு’ என்று பங்கு பிரித்துக் கொடுத்து விலகிவிடுகிறார்கள். ஆவடியைச் சற்றுச் சுற்றிப் பார்த்தால் இந்தப் பங்கீடு நிற்காது. இங்கே உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்ததும் ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம்தான். அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1974-ல். உற்பத்தியான முதல் டாங்கிகள் ராணுவத்தின் கைக்குப் போனது 2004-ல். முப்பது ஆண்டுகள். தாமதத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனங்கள் வந்தன, அவற்றில் நியாயமும் இருந்தது. ஆனாலும் தாமதத்தைக் கழித்துப் பார்த்தாலும் ஒரு டாங்கியின் இயந்திரமோ சஸ்பென்ஷனோ ஆண்டுக்கணக்கில் ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டுகிறவர்களைக் கேட்கிறது. பொறியியல் தொழிலுக்கும் நீண்ட பொறுமைதான் மூலதனம். எனவே முகாம் கற்றுத் தருவது கணிதம் படிக்கிறவர்களுக்கு மட்டும் உரியதென்று சொல்ல முடியாது.

அப்படியிருக்க, இந்தப் பட்டையில் ஏன் முதல் வகை மட்டும் இப்படிப் பெருகியிருக்கிறது? ஹேக்கத்தானோடு அது நிற்கவில்லை. துறைக்கு ஒரு சிம்போசியம், வாரத்துக்கு ஒரு விருந்தினர் உரை, ஒரு நாள் ஒர்க்‌ஷாப், ஐடியத்தான் என்று நாட்காட்டி நிரம்பி வழிகிறது. மாணவர்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகைப்பதிவு கிடைக்கிறது, சான்றிதழ் கிடைக்கிறது. காரணத்தைக் கல்லூரிகளின் பேராசை என்று சொல்வது சுலபம். மதிப்பீடு செய்யும் அமைப்புகள் எதை எண்ணுகின்றன என்று பார்த்தால் கதை வேறாகத் தெரியும். நாக் (NAAC) அங்கீகாரத்துக்கு நிகழ்ச்சி வாரியாக அறிக்கையும், இடக்குறியுள்ள புகைப்படமும் சான்றாகக் கேட்கிறார்கள். 2018 முதல் இயங்கும் கல்லூரிப் புத்தாக்க மன்றங்களுக்கு ஆண்டில் எத்தனை செயல்பாடுகள் நடத்தினார்கள் என்பதை வைத்து நட்சத்திரம் வழங்கப்படுகிறது. ஒரு நாள் உரை என்றால் ஒரு பேனர், ஒரு பொன்னாடை, ஒரு குழுப்படம், ஒரு பதிவு. ஒரு புத்தகத்தை எட்டுப் பேர் இருபது வாரம் வரிவரியாகப் படித்தால் அதற்குப் படம் எடுக்க என்ன இருக்கிறது? எண்ணிக்கையில் அது ஒரே ஒரு நிகழ்ச்சி. ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்ற இளம் ஆசிரியர், மார்ச் மாத முடிவில் கோப்பு நிரம்ப வேண்டுமென்று எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் மர்மம் இல்லை.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். ஒரே ஒரு சந்திப்பு ஒருவர் வாழ்க்கையை மாற்றியதில்லையா? மாற்றியிருக்கிறது, அதுவும் இதே சென்னையில், இதே ஹானர்ஸ் வகுப்பில். 1928-ன் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்டு சோமர்ஃபெல்டு மாநிலக் கல்லூரிக்கு வந்து பேசினார். அங்கே இயற்பியல் ஹானர்ஸ் படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர், பதினெட்டு வயதை ஒட்டியவர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே தேடிப் போய்ச் சந்தித்தார். சோமர்ஃபெல்டின் அணு அமைப்பு பற்றிய நூலை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். நீ படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது, புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்டு, உலோகங்களில் எலெக்ட்ரான்கள் பற்றித் தாம் எழுதி இன்னும் அச்சில் வராத கட்டுரையின் அச்சுப்படிகளைக் கொடுத்தார். அந்தப் படிகளில் இருந்து புதிய புள்ளியியலைக் கற்று, சில மாதங்களில் சந்திரசேகர் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். ஃபௌலர் வழியாக அது 1929-ல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. 1930-ல் அதே ஃபௌலரிடம் படிக்கத்தான் அவர் கப்பலேறினார். 1983-ல் நோபல் பரிசு.

விருந்தினர் உரைகளை நியாயப்படுத்த இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கடந்துவிடுகிறார்கள். முதலாவது, அன்று மண்டபத்தில் உட்கார்ந்திருந்த மற்ற மாணவர்களுக்கு அது ஓர் உரையாகவே முடிந்தது. சந்திரசேகருக்கு மட்டும் அது சந்திப்பானது. ஏனென்றால் அந்த நூலோடு அவர் முன்பே தனியாகப் போராடியிருந்தார். வீட்டில் புத்தகங்கள் இருந்தன, சித்தப்பா சி.வி. ராமன். அந்தச் சூழல் பட்டாபிராமில் வாடகை வீட்டில் இருந்து வருகிற பிள்ளைக்கு இல்லை. அதைக் கல்லூரிதான் உருவாக்கித் தர வேண்டும். இரண்டாவது, சோமர்ஃபெல்டு விட்டுச் சென்றது அந்த அச்சுப்படிகள். மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும்படியான வேலையை அவர் ஒரு மாணவரின் கையில் கொடுத்தார். இன்று நம் கல்லூரிகளுக்கு வரும் விருந்தினர்களில் எத்தனை பேர் மாணவரின் கையில் எதையாவது கொடுத்துவிட்டுப் போகிறார்கள்? நினைவுப் பரிசை வாங்கிக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

நீண்ட துணைக்கும் சென்னையில் சான்று இருக்கிறது. லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த பிரெஞ்சுப் பாதிரியார் சார்லஸ் ரசீன், பாரிஸில் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். ஐரோப்பாவில் கணிதம் எந்தத் திசையில் போகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் தம் ஹானர்ஸ் மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார், நல்லவர்களைப் பம்பாயின் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்கு அனுப்பினார். அப்படிப் போனவர்களில் இருவர் சி.எஸ். சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். 1965-ல் அவர்கள் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

இரண்டு வகைகளும் ஒன்றையொன்று தாங்கி நின்ற நிகழ்வும் உண்டு. 1950-களின் பிற்பகுதியில் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தம் வீட்டிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு ஒன்றை நடத்திவந்தார். சில மாணவர்கள் கூடுவார்கள், புதிதாக வந்த ஆய்வுகளைப் படித்துப் பேசுவார்கள். பல்கலைக்கழகக் கட்டடம் இல்லை, பட்டியலில் சேர்க்கும் தலைப்பு இல்லை. 1960 ஜனவரியில் சென்னைக்கு வந்த இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களைச் சந்தித்து, அவர்களைப் பற்றி வெளியே சிறப்பாகப் பேசினார். அது நேருவின் காதுவரை போயிற்று. அதைத் தொடர்ந்து 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டபோது அங்கே வந்திருந்தவர் எஸ். சந்திரசேகர். நீல்ஸ் போர் வந்தது ஒரு நாள் நிகழ்ச்சிதான். ஆனால் அவர் வந்து பார்ப்பதற்கு வாரந்தோறும் நடந்துகொண்டிருந்த ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. நம் கல்லூரிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விருந்தினரை முதலில் அழைத்துவிட்டுப் பிறகு ஆர்வம் முளைக்குமென்று காத்திருக்கின்றன.

கணித அறிவியல் நிறுவனம் இப்போது தரமணியில் இருக்கிறது. சேஷாத்ரி தொடங்கிய சென்னைக் கணிதக் கழகம் சிறுசேரியில். ஐ.ஐ.டி.யும் அண்ணா பல்கலைக்கழகமும் கிண்டிப் பக்கம். அடிப்படை அறிவியலுக்கான இடங்களெல்லாம் தெற்கில் அமைந்துவிட, மேற்குக்குத் தொழிற்சாலைகளும் தனியார் கல்லூரிகளும் வந்தன. ஆவடியில் இருந்து ஒரு மாணவி மாலை உரை ஒன்றைக் கேட்க சிறுசேரிக்குப் போய்த் திரும்புவதென்றால் பாதி நாள் பேருந்திலேயே போய்விடும். ஆகவே இந்தப் பட்டைக்குள்ளேயே, சிறியதாக, வாராவாரம் நடக்கும் ஏதோ ஒன்று வேண்டும். எம்.டி.டி.எஸ். நான்கு வாரத்தில் செய்வதை, ஓர் ஆசிரியரும் பத்து மாணவர்களும் ஒரு பலகையும் வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கப் பரப்பிச் செய்யலாம். கோடையில் வேலைக்குப் போகும் பிள்ளையும் அதில் சேர முடியும், தமிழில் கேள்வி கேட்கவும் முடியும். அங்கே பழகியவர் ஹேக்கத்தானுக்குப் போனால் அந்த 36 மணி நேரமும் அவருக்கு வேறு மாதிரி அமையும். கொடுத்த சிக்கலையே திருப்பிக் கேள்வி கேட்கும் ஒருவராவது அணியில் இருப்பார்.

இதற்குத் தடையாக நிற்பது பணமோ மனமோ அல்ல என்று நினைக்கிறேன். இந்தப் பகுதி மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்து வந்து போகிறவர்கள். காலையில் கல்லூரிப் பேருந்து கொண்டுவந்து இறக்குகிறது, கடைசி வகுப்பு முடிந்ததும் அதே பேருந்து ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. மாலையில் ஆய்வகமும் நூலகமும் காலி. ஒரு கேள்வி நான்கு மணிக்குத் தொடங்கினால் நான்கேகாலுக்கு ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், பேச்சு பாதியில் நிற்கும். பேருந்தைத் தவறவிட்டால் பூந்தமல்லி சாலையில் நின்று மாநகரப் பேருந்துக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ காத்திருக்க வேண்டும், பெண் பிள்ளைகள் என்றால் வீட்டில் இருந்து போன் வந்துகொண்டே இருக்கும். வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம், ஆவடி வழியாக ஒன்றும் பூந்தமல்லி வழியாக ஒன்றும் என இரண்டு பேருந்துகளை ஆறரை மணிக்குக் கிளப்ப ஒரு நிர்வாகம் முடிவு செய்தால், இரண்டரை மணி நேரம் கிடைக்கும். ஒரு ஹானர்ஸ் தாளுக்கு வாரத்தில் ஒதுக்கும் நேரத்துக்கு அது கிட்டத்தட்ட சமம். டீசலுக்கும் ஓட்டுநரின் கூடுதல் நேரத்துக்கும் ஆகும் செலவு ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரு சிம்போசியத்தின் பந்தல், சாப்பாடு, மேடைச் செலவைத் தாண்டாது. முதல் பருவத்தில் ஆறேழு பேர்தான் அந்தப் பேருந்தில் ஏறுவார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து நிறுத்திவிடாமல் இரண்டு ஆண்டுகளாவது ஓட்ட வேண்டும்.